அரசுக் கட்டடங்களில் மின், இயந்திரச் சாதனங்களைப் பராமரிப்பது எப்படி: பொறுப்பேற்கும் நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை

ஒரு டிரான்ஸ்பார்மரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் முப்பது ஆண்டு ஓடும். ஜெனரேட்டரும் பம்ப் செட்டும் இருபது ஆண்டைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அரசு வளாகத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் சில ஆண்டுகளில் மாறுதலாகிப் போய்விடுவார். ஒப்பந்ததாரர் அவருக்கும் முன்பே மாறியிருப்பார். எந்த வால்வு எந்தத் தொட்டிக்குப் போகிறது, எந்த பிரேக்கரைத் தொட்டால் எந்த வார்டு இருளும் என்பது ஒரு பழைய எலக்ட்ரீஷியனின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் போய்விடும்.

அரசு இடங்களில் சாதனங்கள் பழுதாவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. ஆட்களுக்கு வேலை தெரியவில்லை என்பது அரிது. தெரிந்தது அடுத்தவரிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க, இன்று செய்யும் வேலையை நாளை வருபவர் எப்படித் தெரிந்துகொள்வார் என்ற கேள்வியையும் சேர்த்தே பார்க்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், குடிநீர் நிலையம், அலுவலகம் என்று இடம் எதுவானாலும் முறை பெரிதாக மாறாது.

படி 1: சுற்றி வந்து எழுதுங்கள்

பொறுப்பேற்றதும் முதல் வேலை சாதனப் பதிவேடு. ஏற்கெனவே ஒன்று இருக்கலாம். இருந்தாலும் அதை நம்பி உட்காராமல், கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய் ஒப்பிடுங்கள். பதிவேட்டில் இருக்கும் பம்ப் இடத்தில் இருக்காது. இடத்தில் இருக்கும் ஏ.சி. பதிவேட்டில் இருக்காது.

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சாதனத்தின் மேலேயே அழியாதபடி எழுதுங்கள். பிறகு அதன் பெயர்ப் பலகையைப் படம் எடுங்கள். தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், திறன், வோல்டேஜ், முழு லோடு ஆம்பியர், தயாரித்த ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். பல இடங்களில் முக்கியப் பிரமுகர் வருகைக்கு முன் அவசரமாகப் பெயின்ட் அடித்து, பெயர்ப் பலகையையும் சேர்த்து மூடியிருப்பார்கள். கிரீஸ் நிப்பிள்கூட அந்தப் பெயின்டுக்குள் போயிருக்கும். பொறுமையாகத் தின்னர் வைத்துத் துடைத்தால் எழுத்து வெளியே வரும். அந்த ஆம்பியர் எண் தெரியாமல் ஓவர்லோட் ரிலேயை (ஆம்பியர் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் சாதனத்தை) சரியாக அமைக்க முடியாது என்பதால் இந்தச் சிரமம் வீண் இல்லை.

அடுத்தது மின் வரைபடம். மெயின் சப்ளையிலிருந்து கடைசி பேனல் வரை ஒற்றைக் கோட்டு வரைபடம் ஒன்று கட்டடம் ஒப்படைக்கப்பட்டபோது கொடுத்திருப்பார்கள். அதற்குப் பின் புதிய பிரிவு திறந்திருப்பார்கள், ஏ.சி. சேர்த்திருப்பார்கள், யாரோ ஒரு கேபிளை இன்னொரு பேனலில் இருந்து இழுத்திருப்பார்கள். வரைபடம் அப்படியே நிற்கும். விடுமுறை நாளில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஒவ்வொரு பிரேக்கராக அணைத்து எது எது அணைகிறது என்று பார்த்து வரைபடத்தைத் திருத்துங்கள். மருத்துவமனையில் இப்படி அணைத்துப் பார்க்க முடியாது. அங்கே கேபிளைக் கண்டுபிடிக்கும் கருவியால்தான் தடம் பிடிக்க வேண்டும். திருத்திய வரைபடத்தின் ஒரு பிரதியை பேனல் அறைச் சுவரில் மாட்டுங்கள். அதில் தேதி இருக்கட்டும்.

குழாய்களுக்கும் இதே வேலைதான். எந்த வால்வு சாதாரணமாகத் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு தகடு தொங்கவிடுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. பேனல் அறையிலும் ஜெனரேட்டர் அறையிலும் பழைய கோப்புகள், உடைந்த நாற்காலிகள், தேர்தல் சாமான்கள் அடுக்கியிருந்தால் அவற்றை முதல் வாரத்திலேயே வெளியே எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள். காகிதக் கட்டுகளுக்கு நடுவே நிற்கும் பேனலுக்கு எவ்வளவு நல்ல பராமரிப்பு செய்தாலும் ஒரு தீப்பொறி போதும்.

படி 2: எது நிற்கக் கூடாது என்று முடிவெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. மூன்றாகப் பிரியுங்கள். நின்றால் உயிருக்கு ஆபத்து என்பவை முதல் தரம்: அறுவை அரங்கின் மின்சாரம், ஆக்சிஜன் தொடர்பான கருவிகள், தீயணைப்பு பம்ப், அவசர விளக்குகள், லிஃப்ட். நின்றால் வேலை நின்றுபோகும் என்பவை இரண்டாம் தரம்: குடிநீர் பம்ப், சர்வர் அறை, மெயின் பேனல். நின்றால் சிரமம் மட்டும் என்பவை மூன்றாம் தரம்.

இந்தப் பிரிவைப் பொறியாளர் தனியாக உட்கார்ந்து போடக் கூடாது. பயன்படுத்துபவர்களைக் கேட்க வேண்டும். தடுப்பூசிக் குளிர்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அது மூலையில் நிற்கும் ஒரு சாதாரண ஃபிரிட்ஜ். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். அதன் பிளக் ஜெனரேட்டர் சர்க்யூட்டில் இருக்கும் சாக்கெட்டில் இருக்கிறதா, பக்கத்துச் சாதாரண சாக்கெட்டில் இருக்கிறதா என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. துப்புரவுக்காக யாரோ நகர்த்திவிட்டு, கை எட்டிய சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டரும் ஓடும், விளக்கும் எரியும், குளிர்பெட்டி மட்டும் நின்றிருக்கும். ஜெனரேட்டர் சாக்கெட்டுகளுக்கு வேறு நிறம் கொடுப்பது, அந்த பிளக்கைக் கழற்ற முடியாதபடி மூடி போடுவது ஆகிய இரண்டும் சிறிய வேலைகள். ஆனால் செவிலியரிடம் பேசியிருக்காவிட்டால் அந்தப் பிரச்சினையே உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

படி 3: தொடும் முன் செய்ய வேண்டியவை

பராமரிப்பில் ஆள் சாவது பெரும்பாலும் "அணைத்துவிட்டேன்" என்ற நம்பிக்கையால்தான். வரிசை இதுதான்: சப்ளையை அணைக்க வேண்டும், அணைத்த இடத்தில் பூட்டுப் போட வேண்டும், யார் வேலை செய்கிறார் என்று அட்டை மாட்ட வேண்டும், மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதிக்க வேண்டும், தேவைப்படும் இடத்தில் எர்த் செய்ய வேண்டும். அதற்கு அப்புறம்தான் கை வைக்க வேண்டும். பூட்டின் சாவி வேலை செய்பவரின் பையில் இருக்க வேண்டும், மேற்பார்வையாளரின் மேசையில் இருக்கக் கூடாது. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு.

சோதிக்கும் டெஸ்டரையும் சோதிக்க வேண்டும். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் வைத்து அது காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். திரும்பவும் முதல் இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் இந்த மூன்றாவது படிதான் காட்டிக்கொடுக்கும்.

மெயினை அணைத்தும் மின்சாரம் வரும் வழிகள் இருக்கின்றன: தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர், யு.பி.எஸ்., கூரை சோலார், வேறு பேனலிலிருந்து வரும் கட்டுப்பாட்டு வயர். பவர் ஃபேக்டர் கப்பாசிட்டர்கள் அணைத்த பின்பும் சார்ஜ் வைத்திருக்கும். சில நிமிடம் காத்திருந்து, டெர்மினல்களில் வோல்டேஜ் இல்லை என்று அளந்து பார்த்த பிறகே தொடுங்கள். ஜெனரேட்டரில் வேலை என்றால் பேனலில் "ஆஃப்" நிலைக்குத் திருப்பினால் மட்டும் போதாது, ஸ்டார்ட்டிங் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்ற வேண்டும்.

இயந்திரப் பக்கத்திலும் சேமித்த சக்தி உண்டு. குழாயில் அழுத்தம், தூக்கி நிற்கும் எடை, இறுகிய ஸ்பிரிங் எல்லாம் மின்சாரத்தைப் போலவே ஆளை அடிக்கும். சம்ப், கழிவுநீர்க் கிணறு போன்ற மூடிய இடங்களில் காற்றைச் சோதிக்காமல் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதித்து இருவரும் இறப்பது திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து. இது அவசரத்துக்கு விட்டுக்கொடுக்கும் விதி இல்லை, மேலதிகாரி பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி.

படி 4: சாதனம் சாதனமாகப் பராமரிப்பு

*மின் பேனல்கள்.* பேனலின் முதல் எதிரி தளர்ந்த இணைப்பு. லக் (கேபிள் நுனியை போல்ட்டில் பொருத்தும் உலோக முனை) தளர்ந்தால் அந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். கடைசியில் கருகும். பேனல் கதவைத் திறந்ததும் கருகிய பிளாஸ்டிக் வாடை வருகிறதா, வயரின் உறை நிறம் மாறியிருக்கிறதா என்று மூக்காலும் கண்ணாலும் பார்ப்பது முதல் சோதனை. வெப்பப் படக் கருவி கிடைத்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லா பேனலையும் படம் எடுங்கள். ஆனால் லோடு 40 சதவீதமாவது இருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலியான அலுவலகத்தில் எடுத்த படத்தில் எல்லா இணைப்பும் அழகாகத்தான் தெரியும்.

ஆண்டுதோறும் எல்லா போல்ட்டையும் கண்மூடித்தனமாக முறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அலுமினியம் கேபிள் அழுத்தத்தில் மெல்ல நெளியும் உலோகம். அளவுக்கு மீறி முறுக்கினால் இணைப்பு கெடவே செய்யும். டார்க் ரெஞ்ச் வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, போல்ட்டுக்கும் பட்டைக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். செம்புப் பட்டையில் அலுமினியம் லக் நேராகப் பொருத்தியிருந்தால் இரு உலோக லக் போட்டு மாற்றுங்கள்.

மின்கசிவு பிரேக்கரில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தி டிரிப் ஆகிறதா என்று பாருங்கள். அதைத் தவிர்த்து வயரை நேராக இணைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று யாரோ அப்படிச் செய்திருப்பார்கள். கசிவு அப்படியேதான் இருக்கும்.

*டிரான்ஸ்பார்மரும் எர்த்தும்.* பிரீதரில் (டிரான்ஸ்பார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பாகத்தில்) உள்ள சிலிகா ஜெல்லின் நிறத்தை வாராவாரம் பாருங்கள். நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு வகை பச்சையாகவோ நிறமற்றோ மாறும். ஆயில் மட்டம், ஆயில் வெப்பம், கசிவு மூன்றையும் குறியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் எடுத்து மின்தாங்கு திறன் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 கிலோவோல்ட்டுக்குக் கீழே வந்தால் ஆயிலை வடிகட்டவோ மாற்றவோ நேரம் வந்துவிட்டது. எர்த் தடையை வறண்ட காலத்தில் அளந்து பாருங்கள். மழைக்குப் பிறகு அளந்தால் எல்லா எர்த் குழியும் தேர்ச்சி பெற்றுவிடும்.

*ஜெனரேட்டர்.* தேவைப்படும்போது ஓடாத சாதனங்களில் முதலிடம் இதற்குத்தான். ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் என்ஜின் காரணமாக இருக்காது, பேட்டரிதான் காரணமாக இருக்கும். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 அல்லது 12.7 காட்டும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்டார்ட் பண்ணும் அந்தச் சில நொடிகளில் மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அந்த பேட்டரியை மாற்ற வேண்டும், இன்று ஸ்டார்ட் ஆகியிருந்தாலும் சரி. ஆசிட் பேட்டரியில் ஒவ்வொரு செல்லிலும் ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வையுங்கள். முழு சார்ஜில் 1.265 முதல் 1.28 வரை இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடத் தனியாகத் தாழ்ந்திருந்தால் அந்த பேட்டரி முடிந்தது. டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் கழுவி, காய்ந்த பிறகு பெட்ரோலியம் ஜெல்லி தடவி மாட்டுங்கள். சார்ஜருக்கு வரும் சாதாரண மின்சாரத்தின் எம்.சி.பி. ஆன் நிலையில் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். யாரோ அணைத்துவிட்டுப் போனதால் பேட்டரி மாதக்கணக்கில் மெல்லக் காலியாவது நடக்கும் விஷயம்.

அடுத்த தவறு, லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு "சோதித்தாயிற்று" என்று எழுதுவது. டீசல் என்ஜினைக் குறைந்த லோடில் ஓட்டிக்கொண்டே இருந்தால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் படிந்து, கருப்பு எண்ணெய் வழியத் தொடங்கும். மாதம் ஒரு முறை குறைந்தது 30 நிமிடம், திறனில் 30 சதவீதமாவது லோடு கொடுத்து ஓட்டுங்கள். கட்டடத்தின் லோடே அதற்குப் போதாவிட்டால் ஆண்டுக்கு ஒரு முறை வாடகைக்கு லோடு பேங்க் (செயற்கையாக லோடு கொடுக்கும் கருவி) எடுத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. அந்தச் சோதனையையும் பொத்தானை அழுத்தித் தொடங்காதீர்கள். மெயின் சப்ளையை அணைத்து, லோடை ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச் தானாக வேலை செய்கிறதா, எத்தனை நொடியில் லோடு ஏறுகிறது என்று பாருங்கள். சோதனைக்குப் பிறகு செலக்டரை மறுபடி "ஆட்டோ" நிலையில் வைத்தோமா என்பதற்குத் தனியாக ஒரு கையெழுத்துக் கட்டம் லாக் புக்கில் இருக்கட்டும்.

டீசலை ஓராண்டுக்கு மேல் தேக்கி வைத்தால் அதில் நீர் சேரும், கசடு சேரும். டாங்கின் அடியில் இருக்கும் வடிகால் வால்வை அவ்வப்போது திறந்து நீரை வெளியேற்றுங்கள். என்ஜின் ஆயிலைப் பொறுத்தவரை பல என்ஜின்களுக்கு 250 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. ஓடவே இல்லையே என்று ஆயிலை மாற்றாமல் விடுவது பொய்ச் சிக்கனம்.

*மோட்டாரும் பம்பும்.* மூன்று பேஸ் வோல்டேஜையும் மூன்று பேஸ் ஆம்பியரையும் அளந்து எழுதுவதுதான் மோட்டாருக்குச் செய்யும் அடிப்படைச் சோதனை. வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தால் ஆம்பியரில் அது 6 முதல் 10 மடங்காகத் தெரியும். வோல்டேஜ் வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே கூடாது. ஒரு பேஸ் போய் இரண்டு பேஸில் ஓடினால் வைண்டிங் எரிந்துவிடும். அதனால் பேஸ் போனால் நிறுத்தும் ரிலே ஒவ்வொரு முக்கிய மோட்டாருக்கும் வேண்டும்.

மெக்கர் (வைண்டிங்கின் மின்காப்புத் தடையை அளக்கும் கருவி) சோதனையில் 400 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெக்கர் போதும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், மெல்ல ஓடத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போன்ற எலக்ட்ரானிக் பொருள்கள் இணைப்பில் இருந்தால் முதலில் அவற்றைக் கழற்றுங்கள். மறந்தால் மோட்டார் பிழைக்கும், டிரைவ் போகும். தாழ்வழுத்த மோட்டார்களுக்கு 5 மெகாஓம் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பேரிங்குக்குக் கிரீஸ் குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். நிறைய அடித்தால் கிரீஸ் உள்ளேயே கடைந்து சூடாகும். வடிகால் மூடியைத் திறந்து வைத்து, சொன்ன அளவுக்கு மட்டும் அடித்து, சிறிது நேரம் ஓடவிட்டு மூடுங்கள். வகை தெரியாத இரண்டு கிரீஸைக் கலக்காதீர்கள்.

பம்பில் கிளேன்ட் (ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் நீரை அடைக்கும் பாகம்) பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். கயிறு பேக்கிங் போட்ட பம்பில் நீர் சொட்ட வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு. அந்தச் சொட்டுதான் பேக்கிங்கையும் ஷாஃப்டையும் குளிர வைக்கிறது. தரை ஈரமாக இருக்கிறது என்று அதிகாரி யாராவது சொன்னால் ஆபரேட்டர் கிளேன்ட் நட்டை இறுக்கிவிடுவார். சொட்டு நின்றுவிடும், தரையும் காய்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் பேக்கிங் கருகும், ஷாஃப்ட் ஸ்லீவில் பள்ளம் விழும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நீர் பீய்ச்சும். சொட்டும் நீரைக் கொண்டுபோக ஒரு சிறிய குழாய் போட்டுக் கொடுப்பதுதான் சரியான தீர்வு. மெக்கானிக்கல் சீல் போட்ட பம்பு என்றால் கதை வேறு, அதில் சொட்டுவது கண்ணுக்குத் தெரியவே கூடாது.

பம்ப் ஓடும்போது உள்ளே கூழாங்கல் உருளுவதுபோலச் சத்தம் வந்தால் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு அடைத்திருக்கும், அல்லது சம்பில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். அப்படியே ஓடினால் நீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லர் அரித்துப்போகும். இரண்டு பம்ப் இருந்தால் வாராவாரம் மாற்று பம்பையும் ஓட்டுங்கள், ஆனால் இரண்டுக்கும் ஓடிய மணி நேரத்தைச் சமமாக்க வேண்டாம். சமமாகத் தேய்ந்தால் இரண்டும் ஒரே மாதத்தில் உட்காரும்.

*தீயணைப்பு பம்ப்.* இதையும் பொத்தானால் ஓட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு. குழாயின் அழுத்தத்தை வால்வு திறந்து இறக்கி, பம்ப் தானாக எழுகிறதா என்று பாருங்கள். அழுத்தம் காட்டும் ஸ்விட்ச் பழுதாகியிருந்தால் அப்போதுதான் தெரியும். டீசல் பம்பை வாரம் ஒரு முறை 30 நிமிடம் ஓட்டுவது வழக்கம்.

*ஏ.சி.* ஃபில்டர், வடிகால் குழாய், வெளிப்புறக் காயில் மூன்றும் சுத்தமாக இருந்தால் பாதிப் புகார் வராது. ஒவ்வோர் ஆண்டும் கேஸ் நிரப்பியதாகப் பில் வந்தால் சந்தேகப்படுங்கள். கேஸ் மூடிய சுற்றில் ஓடுவது, தீர்ந்துபோகும் பொருள் கிடையாது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பும் பில்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

*யு.பி.எஸ்.* மூடிய வகை பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரிக்குக் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். பேட்டரி அறையின் ஏ.சி.யைச் சிக்கனம் என்று அணைப்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

*லிஃப்ட்.* தகுதி பெற்ற நிறுவனத்தின் ஆட்கள் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. நீங்கள் பார்க்க வேண்டியது கதவு சென்சார், தளத்தோடு சமமாக நிற்கிறதா, அலாரமும் உள்ளிருந்து பேசும் வசதியும் வேலை செய்கிறதா, குழியில் நீர் நிற்கிறதா என்பவை மட்டும்.

படி 5: லாக் புக்கில் எண்ணை எழுதுங்கள்

"சரியாக உள்ளது" என்று எழுதிய ஆயிரம் பக்கத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எண் எழுதியிருந்தால் கதை வேறு. ஒரு மோட்டாரின் மெக்கர் அளவு காலாண்டுக்குக் காலாண்டு 200, 120, 60, 18 மெகாஓம் என்று வருகிறது என்று வையுங்கள். கடைசி எண்கூடக் குறைந்தபட்ச அளவுக்கு மேலேதான் இருக்கிறது. தனியாகப் பார்த்தால் தேர்ச்சி. நான்கையும் வரிசையாகப் பார்த்தால் ஈரமோ அழுக்கோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பது புரிந்துவிடும். கழற்றி உலர்த்தி வார்னிஷ் அடிக்க அப்போது நேரம் இருக்கும். எரிந்த பிறகு இருக்காது.

அதனால் ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் சென்ற முறை அளவை எழுத ஒரு கட்டமும், ஏற்கத்தக்க எல்லையை அச்சிட்ட ஒரு கட்டமும் வையுங்கள். எல்லா நாளும் ஒரே எண் வருகிறதென்றால் ஆள் போகாமலே எழுதுகிறார் என்று பொருள். அவரைத் திட்டுவதற்கு முன், எத்தனை அளவு எடுக்கச் சொல்கிறோம் என்று ஒரு முறை பாருங்கள். நூறு கட்டம் கொடுத்தால் யாரும் மேசையில் உட்கார்ந்துதான் நிரப்புவார்கள். பத்துக் கட்டம் கொடுத்தால் நடந்துபோய்ப் பார்ப்பார்கள்.

படி 6: ஒப்பந்தம்

"அனைத்துச் சாதனங்களையும் பராமரிக்க வேண்டும்" என்று ஒரு வரியில் போட்ட ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எதற்கும் உதவாது. ஒப்பந்தத்தோடு உங்கள் சாதனப் பதிவேட்டை இணைப்பாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த வேலை, எத்தனை முறை, எந்த அளவுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். முதல் தரச் சாதனம் பழுதானால் எத்தனை மணிக்குள் ஆள் வர வேண்டும், எத்தனை மணிக்குள் ஓட வைக்க வேண்டும் என்பவை இரண்டு தனி விதிகள். முதலாவதை மட்டும் எழுதினால் ஆள் சரியான நேரத்துக்கு வந்து, பார்த்துவிட்டு, உதிரிபாகம் இல்லை என்று சொல்லிப் போவார். எந்த உதிரிபாகம் ஒப்பந்தத் தொகைக்குள், எது வெளியே என்பதையும் பட்டியலாகவே போடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரு வரி பல பில்களை நேர்மையாக்கும்.

பழைய ஒப்பந்தம் முடிந்து புதியது தொடங்கும் இடைவெளிதான் ஆபத்தான காலம். டெண்டர் நடைமுறைக்கு எத்தனை மாதம் ஆகுமோ அதைப் பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். புதிய சாதனம் வாங்கும்போது உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு வரும் ஆண்டுகளின் பராமரிப்பு விலையையும் அதே டெண்டரில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

படி 7: பணமும் உதிரிபாகமும்

நிதியாண்டின் நடுவில் பெரிய பழுது வந்தால் பணம் இருக்காது. ஆண்டின் கடைசி மாதத்தில் பணம் இருக்கும், சரியான எஸ்டிமேட் தயாராக இருக்காது. அவசரத்தில் தேவையில்லாதது வாங்கப்படும். இதற்கு வழி, எஸ்டிமேட்டுகளை முன்பே தயார் செய்து, முக்கியத்துவ வரிசையில் அடுக்கி வைத்திருப்பது. பணம் எப்போது வந்தாலும் மேலே இருப்பதை எடுத்து அனுப்பலாம். எஸ்டிமேட்டோடு லாக் புக்கின் எண்களையும் படங்களையும் இணையுங்கள். "பம்ப் பழையது, மாற்ற வேண்டும்" என்ற கோப்பு கேள்வியோடு திரும்பி வரும். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பம்புக்குச் செய்த பழுதுச் செலவு, நின்றிருந்த நாட்கள், குறைந்துவரும் நீர் வரத்து மூன்றையும் ஒரு பக்கத்தில் போட்ட கோப்பை மறுப்பது கடினம். தணிக்கையில் பதில் சொல்லவும் அதே பக்கம்தான் உதவும்.

ஸ்டோரில் எல்லாவற்றையும் குவிக்க வேண்டாம். முதல் தரச் சாதனங்களுக்கு மட்டும், வாங்க அதிக நாளாகும் பாகங்களை வைத்திருங்கள்: ஜெனரேட்டர் பேட்டரி சார்ஜர், கண்ட்ரோலர், காண்டாக்டர் காயில், பம்பின் மெக்கானிக்கல் சீல், பேரிங். ரப்பர் பாகங்களும் வி-பெல்ட்டும் அலமாரியிலேயே கெட்டுப்போகும், வாங்கிய தேதியை மேலே எழுதுங்கள். ஒரே மோட்டாரைத் திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்வதும் ஓர் எல்லைக்கு மேல் நட்டம்தான். மோசமாகச் செய்த ரீவைண்டிங்கில் மோட்டாரின் திறன் குறைந்து, நாள் முழுக்க ஓடும் பம்பில் அது மின்கட்டணமாக வெளியே போகும்.

படி 8: பழுதான நாளில்

பிரேக்கர் டிரிப் ஆனால் ஒரு முறை காரணம் தேடுங்கள், பிறகு போடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, பெரிய பிரேக்கரை மாற்றுவது, ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பி போடுவது மூன்றும் கேபிளையே ஃபியூஸாக மாற்றும் வேலை. கழற்றும் முன் இணைப்புகளைப் படம் எடுங்கள். ஓட வைத்த பின் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, எதனால், திரும்ப வராமலிருக்க என்ன செய்தோம். மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்தப் பழுது மறுபடி வரும்.

மேலிடத்துக்குச் சொல்லும்போது எத்தனை மணிக்குச் சரியாகும் என்று ஊகித்துச் சொல்லாதீர்கள். அடுத்த தகவலை எத்தனை மணிக்குச் சொல்வேன் என்று சொல்லுங்கள், அந்த நேரத்துக்குச் சொல்லுங்கள். வார்டிலோ அலுவலகத்திலோ இருப்பவர்கள் அதற்கேற்ப மாற்று ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

படி 9: ஒப்படைப்பு

மாறுதல் உத்தரவு வந்த பிறகு ஒப்படைப்புக் குறிப்பு எழுத நேரம் கிடைக்காது. ஆண்டுக்கு இரண்டு முறை அதைப் புதுப்பித்து வையுங்கள். திருத்திய வரைபடம், சாதனப் பதிவேடு, ஒப்பந்தங்களின் முடிவுத் தேதி, நிலுவையில் உள்ள பில்கள், அனுப்பிய எஸ்டிமேட்டுகளின் நிலை, உரிமம் மற்றும் ஆய்வுச் சான்றுகளின் காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். இவை எப்படியும் கோப்பில் கிடைக்கும். கோப்பில் கிடைக்காததைத்தான் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்: ஜெனரேட்டர் கண்ட்ரோலர், லிஃப்ட், தீ அலாரம் பேனல் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் எந்த உறையில், யார் பொறுப்பில் இருக்கின்றன, எந்த வால்வை முழுதாக மூடினால் திரும்பத் திறக்காது, எந்த பிரேக்கரை அணைத்தால் பேனலில் எழுதாத இன்னோர் அறையும் இருளும், எந்த டாங்கின் மட்டம் காட்டும் கருவி பொய் சொல்கிறது. வருபவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து, அந்த வால்வின் முன்னாலும் அந்த பிரேக்கரின் முன்னாலும் நிறுத்திக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.